பன்னிரண்டாம் கல் படிப்பகம்: ஓர் அரசிதழ்த் தேடலின் பதிவு

சிங்கப்பூரில் முன்பு இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு படிப்பகத்துக்கு ஆதாரம் தேடிய கதை இது. 2023 ஆகஸ்டில் தொடங்கி 2024 பொங்கலை ஒட்டி முடிந்த தேடல். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரும் இதில் இல்லை. கம்பத்தின் (இங்கே கிராமக் குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம்) பெயரையும், அரசிதழில் கிடைத்த பதிவின் சரியான தேதியையும் சொல்லவில்லை. அந்த இரண்டும் தெரிந்தால் குடும்பமும் தெரிந்துவிடும். நான் நூலகரோ வரலாற்று ஆய்வாளரோ இல்லை. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரங்களோடு புழங்கிவிட்டு ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் தவறு செய்தவனும் நான்தான்.

பின்னணி

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், அந்தப் பக்கம் முன்பு இருந்த தமிழர் குடியிருப்புகளைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்க முடிவானது. சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங் பக்கம் என்றால் கடற்படைத் தளம் இல்லாமல் பேச முடியாது. 1938ல் திறக்கப்பட்ட தளம் அது. அங்கே வேலை செய்த தமிழர்களும் மலையாளிகளும் தளத்துக்குள் இருந்த குடியிருப்புகளிலும் வெளியே சாலையோரக் கம்பங்களிலும் வாழ்ந்தார்கள். படங்களையும் பொருள்களையும் திரட்டும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன்.

எழுபதைத் தாண்டிய ஓர் அக்கா ஒரு படம் கொண்டுவந்தார். தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம், வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், முன்னால் ஒரு பெஞ்சு. மேலே பலகை இருக்கிறது, ஆனால் வெளிச்சம் அடித்து எழுத்து வெளுத்துவிட்டது. "இது எங்க கம்பத்துப் படிப்பகம். எங்கப்பாதான் ஆரம்பிச்சாரு" என்றார். படத்தின் பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

ஏற்பாட்டுக் குழுவில் அதே கம்பத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "படிப்பகமாவது ஒண்ணாவது. டீக்கடை பெஞ்சு அது. முரசு வாங்கிப் போடுவாங்க, நாலு பேரு படிப்பாங்க. சங்கம் கிங்கம் ஒண்ணும் இல்ல." முரசு என்றது தமிழ் முரசு நாளிதழை. இருவரும் பொய் சொல்லக்கூடியவர்கள் இல்லை. பெரியவர் அக்காவைவிட ஏழெட்டு வயது இளையவர் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்திருக்கும்.

குழுவில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது: 'தொடங்கினார்', 'முதலாவது', 'நிறுவனர்' போன்ற சொற்களைப் படக்குறிப்பில் போட வேண்டுமென்றால் தாளில் ஆதாரம் வேண்டும். முந்தைய ஒரு நிகழ்ச்சியில் இரண்டு குடும்பங்கள் ஒரே பஜனை மடத்துக்கு உரிமை கொண்டாடிப் பேச்சு முறிந்த பிறகு வந்த விதி. அதை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆதாரம் தேடும் வேலை என்னிடம் வந்தது.

முதல் முடிவும் அதில் போன காலமும்

சங்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அரசாங்கத்திடம் கோப்பு இருக்கும், கோப்பைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அலுவலகப் புத்தி அப்படித்தான் போகும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடினேன். சங்கங்கள் தொடர்பான கோப்புத் தலைப்புகள் சில வந்தன. அதில் ஒன்று எங்கள் வட்டாரத்துக்குப் பொருந்துவதுபோல் தோன்றியது. அதைப் பார்க்க அனுமதி வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. விண்ணப்பித்தேன்.

இங்கே ஒரு விவரம். பட்டியலில் தலைப்பு தெரிவதால் கோப்பைத் திறந்து படிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு துறை தன் பழைய கோப்புகளைக் காப்பகத்திடம் ஒப்படைத்தாலும், பலவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டலாமா என்று அந்தத் துறையிடமே கேட்க வேண்டியிருக்கும். இந்தியாவில் 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற ஒன்று சிங்கப்பூரில் கிடையாது. கேட்கலாம், கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டத்தைக் காட்டி வற்புறுத்த முடியாது. இதையெல்லாம் விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழு வாரம் ஓடியது. கோப்புக்குரிய துறையிடமிருந்து வந்த பதில் 'இப்போதைக்கு இயலாது' என்பதுதான். கசந்தது உண்மை. ஆனால் பின்னால் யோசித்தபோது, அந்தத் தலைப்பு எங்கள் படிப்பகத்தைப் பற்றியதாக இருக்க வாய்ப்பே குறைவு என்று புரிந்தது. பூட்டிய அறையின் வாசலில் ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறை திறந்தே கிடந்தது.

ஆண்டைப் பிடித்தது

அந்த ஏழு வாரத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று: அக்காவிடம் அடிக்கடி பேசினேன். "எந்த வருஷம்?" என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. அறுபது என்பார், அடுத்த நாள் ஐம்பத்தைந்து என்பார். கேள்வியை மாற்றினேன். படிப்பகத்தில் நடந்தது எதுவும் நினைவிருக்கிறதா?

"புக்கிட் ஹோ சுவீ எரிஞ்சப்ப அரிசி சேத்தாங்க. நான் டின்ன தூக்கிட்டு வீடு வீடாப் போனேன்."

புக்கிட் ஹோ சுவீயும் ஒரு கம்பம்தான். அந்தத் தீ விபத்து 1961 மே 25. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். ஆக, அந்த ஆண்டில் படிப்பகம் இருந்திருக்கிறது. தமிழர் திருநாள் போட்டிக்காக அங்கே திருக்குறள் மனப்பாடம் செய்ததாகவும் சொன்னார். தமிழர் திருநாள் இங்கே 1952ல் தொடங்கியது. அவருடைய அண்ணன் அந்தப் போட்டியில் பரிசு வாங்கியபோது அக்கா இன்னும் பள்ளியில் சேரவில்லையாம். இப்படிப் பார்த்தால் ஐம்பதுகளின் நடுவிலேயே படிப்பகம் இருந்திருக்க வேண்டும். 'எப்போதோ' என்றிருந்தது 1952க்கும் 1961க்கும் இடையில் வந்து நின்றது.

அப்புறம் முகவரி. கம்பத்தில் தெருப் பெயர் ஏது, கதவு எண் ஏது? "பன்னெண்டாங் கல்லுன்னு சொன்னா பஸ்காரனுக்குத் தெரியும்" என்றார். சாலையோர மைல்கல்லைச் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேனே தவிர, அதன் அருமை அப்போது தெரியவில்லை.

பதினோராம் மாடி

கோப்பு கிடைக்காது என்று தெரிந்த பிறகு, அக்டோபர் நடுவில், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போனேன். 2005ல் திறந்த 16 மாடிக் கட்டடம். லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் அதில் 7 முதல் 13 வரையான மாடிகளில் இருக்கிறது. சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு பதினோராம் மாடியில். யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது, அனுமதிக் கடிதம் வேண்டாம். பல ஆண்டுகளாகக் கீழ்த்தளத்தில் புத்தகம் இரவல் வாங்கியிருக்கிறேன். மேலே ஒருநாளும் ஏறியதில்லை. அது பேராசிரியர்களுக்கு உரிய இடம் என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டிருந்தேன்.

முகப்பில் இருந்த நூலகரிடம் ஆங்கிலத்தில் கதையைச் சொன்னேன். கோப்பு கேட்டு மறுக்கப்பட்டதையும் சொன்னேன். அவர் அனுதாபப்படவில்லை, கேள்வி கேட்டார். "அச்சில் வந்ததைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அரசாங்கம் தனக்குள் எழுதி வைத்துக்கொள்வது கோப்பு. ஊருக்குத் தெரியட்டும் என்று அச்சடித்து வெளியிடுவது அரசிதழ், அதாவது கெஜட். சட்டங்கள், நியமனங்கள், நில எடுப்பு அறிவிப்புகள், உரிமங்கள் எல்லாம் அதில் வரும். சங்கங்களின் பதிவும் வரும். வெளியிட்ட அன்றே எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட தாளைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காலனிய காலத்து இதழ்கள் சில ஆண்டுகளுக்குப் புத்தகமாகவும் சில ஆண்டுகளுக்கு மைக்ரோஃபிலிமாகவும் கிடைத்தன.

முதல் மூன்று நாளும் தோல்விதான். பதிவுபெற்ற சங்கங்களின் பட்டியலில் படிப்பகத்தின் தமிழ்ப் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடினேன். 'ப'வுக்கு ஒரு எழுத்து, 'க'வுக்கு இரண்டு வாய்ப்பு, இறுதியில் 'ம்' வரலாம், வராமலும் இருக்கலாம். அந்தக் காலத்து எழுத்தருக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து. பத்துப் பன்னிரண்டு வடிவம் பார்த்தும் ஒன்றும் இல்லை. டீக்கடைப் பெரியவர் சொன்னதுதான் சரியோ என்று தோன்ற ஆரம்பித்தது.

நான்காம் நாள் அதே நூலகர் வந்து இன்னொரு கேள்வி கேட்டார்: "எந்தப் பட்டியலைப் பார்க்கிறீர்கள்?" அன்றைய சங்கச் சட்டத்தில் இரண்டு வகை உண்டாம். ஒன்று பதிவு செய்த சங்கம். மற்றது பதிவிலிருந்து விலக்களிக்கப்பட்ட சங்கம். 1889ல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே சீன ரகசியக் கும்பல்களை ஒடுக்கத்தான். படிப்பு, பொழுதுபோக்கு, சமயம், தருமம் என்று இருக்கும் சங்கங்களுக்கு அந்தக் கெடுபிடி தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். விலக்கு என்றால் சட்டத்துக்குப் புறம்பானது என்று பொருளில்லை; அரசாங்கத்துக்குத் தெரிந்து, அதன் ஒப்புதலோடு இருப்பது. நான் மூன்று நாளும் தவறான பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பேர் அல்ல, கல்

விலக்குப் பட்டியலிலும் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அக்காவை உடன் அழைத்துப் போனேன். பூகிஸ் நிலையத்தில் இறங்கி நடந்தோம். மாடியில் குளிர் தாங்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தார். மைக்ரோஃபிலிம் திரையில் பக்கங்கள் ஓடியபோது அவருக்குத் தலை சுற்றியது. அதனால் நான் சுருளை நகர்த்தி நிறுத்துவேன், அவர் நின்ற பக்கத்தை மட்டும் பார்ப்பார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். எண்கள் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் மணி நேரத்தில் அவர்தான் கண்டுபிடித்தார். பெயர்ப் பகுதியைப் பார்க்கவே இல்லை, முகவரிப் பகுதியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தவர், "தம்பி, பன்னெண்டு போட்டிருக்கே, இது எங்க கல்லா?" என்றார்.

செம்பவாங் சாலை, பன்னிரண்டாவது மைல்கல். ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் இருந்த தலைமை அஞ்சலகத்திலிருந்து எண்ணிய கல் அது. பக்கத்தில் சங்கத்தின் பெயர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதவில்லை, மொழிபெயர்த்தே போட்டுவிட்டார்கள். 'இந்தியர் வாசக சாலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். 'தமிழ்' என்ற சொல்லும் இல்லை, 'படிப்பகம்' என்ற சொல்லும் இல்லை. இன்னும் பத்து வடிவம் எழுதித் தேடியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரே வரி. பெயர், முகவரி, அவ்வளவுதான். அக்கா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பா பேரு எங்க?" என்றார். அந்தப் பட்டியலில் நிர்வாகிகளின் பெயர் வராது என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தேடலிலேயே எனக்குச் சங்கடமான நேரம் அதுதான். அவர் தேடி வந்தது சங்கத்தை அல்ல.

தமிழ் முரசுக்குப் போனது

தேதி கையில் இருந்தது. அப்பா பெயர் எங்கே வந்திருக்கும் என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் கம்பத்துச் சங்கங்கள் பொதுக்கூட்டம் போட்டால் முரசில் ஒரு மூலையில் செய்தி வரும். இன்னார் தலைவர், இன்னார் செயலாளர் என்று வரிசையாக. 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம், நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பிலும் பார்க்கலாம். இந்த முறை சொல்லைப் போட்டுத் தேடவில்லை. அரசிதழ்த் தேதிக்கு ஆறு மாதம் முன்னும் ஒன்றரை ஆண்டு பின்னுமாக நாள்வாரியாகப் பக்கம் புரட்டுவது என்று முடிவு செய்தோம். அலுப்பான வேலைதான். அக்காவின் மருமகளும் சேர்ந்துகொண்டார். நவம்பர் முழுவதும் சனிக்கிழமைகள் இதில் போயின.

அரசிதழ்ப் பதிவுக்கு ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு வந்த இதழில் ஐந்து வரிச் செய்தி ஒன்று கிடைத்தது. படிப்பகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், புதிய செயலவை. தலைவர் வேறொருவர், செயலாளர் வேறொருவர். கடைசிக்கு முந்தைய பெயர் அக்காவின் அப்பா. பொறுப்பு: கணக்காய்வாளர்.

இது தொடக்கக் கூட்டம் இல்லை என்பதால் அவர் நிறுவனர் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நிறுவனர் என்றும் சொல்ல முடியாது. முதல் கூட்டத்தின் செய்தி நாங்கள் பார்த்த இதழ்களில் இல்லை. சங்கம் ஆண்டு மலர் எதுவும் வெளியிட்டிருக்குமா என்றும் நூலகப் பட்டியலில் பார்த்தோம், இல்லை. சிங்கப்பூரில் அச்சாகும் எதிலும் இரண்டு பிரதிகளை நூலக வாரியத்திடம் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய சட்டம். அன்றைய கம்பத்துச் சங்கத்துக்கு மலர் போட எங்கே காசு?

பாதியில் விட்டது

படிப்பகம் எப்போது மூடியது என்பதையும் தேடினோம். நிலத்தை எடுத்த அறிவிப்பைப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, எந்த முக்கிமில் (நில அளவைப் பிரிவு) எந்த எண்ணுள்ள நிலம், எவ்வளவு பரப்பு, எதற்காக என்பதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஆனால் கம்பத்துக்காரர்களுக்குத் தங்கள் நில எண் தெரியாது. வீடு அவர்களுடையது, தரை வேறு யாருடையதோ, மாதா மாதம் தரை வாடகை. கல்லை வைத்துச் சங்கத்தைப் பிடித்ததுபோல் நிலத்தைப் பிடிக்க முடியவில்லை. பழைய வரைபடத்தில் சாலை இருக்கிறது, தகரக் கூரை எந்த எண்ணுக்குள் விழுகிறது என்பதில் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அதை நிறுத்திக்கொண்டோம்.

டீக்கடைப் பெரியவரிடம் முரசுச் செய்தியைக் காட்டியபோது ஒரு விஷயம் தெளிந்தது. அவருக்கு விவரம் தெரியும் வயது வந்தபோது அறுபதுகளின் பிற்பாதி ஆகிவிட்டது. அப்போது அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே டீக்கடைதான் நடந்திருக்கிறது. பெஞ்சும் பத்திரிகையும் மட்டும் மிச்சம் இருந்திருக்கின்றன. இருவர் சொன்னதும் சரி, காலம்தான் வேறு.

குறிப்பில் எழுதியது

நாங்கள் எழுதியது இது: படிப்பகத்தின் தமிழ்ப் பெயரும் அரசிதழில் உள்ள ஆங்கிலப் பெயரும்; பன்னிரண்டாம் கல் முகவரி; அரசிதழின் தேதியும் பக்கமும்; முரசுச் செய்தியின் தேதி; அக்காவின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'செயலவை உறுப்பினர், கணக்காய்வாளர்'. 'தொடங்கியவர்' என்பதை எடுத்துவிட்டோம். 'குடும்பத்தார் நினைவின்படி, தொடங்கியவர்களுள் ஒருவர்' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். குழுவில் இருவர் எதிர்த்தார்கள். நினைவு என்று சொல்லியே போடுவதில் பொய் ஏதும் இல்லை என்று நான் விடாப்பிடியாக நின்றேன். வரி இருந்தது. மூடிய ஆண்டு போடவில்லை.

அரசிதழ்ப் பக்கத்தின் படத்தையோ முரசுப் பக்கத்தின் படத்தையோ ஒட்டவில்லை. வீட்டில் வைத்துப் படிக்க நகலெடுப்பது வேறு, ஊர் பார்க்க மாட்டுவது வேறு. அதற்குத் தனி அனுமதி கேட்க நேரமில்லை. தேதியும் பக்கமும் கொடுத்தால் சந்தேகப்படுகிறவர் தானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

குழு டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து பேசியபோது என் பட்டியல் சிறியதாகத்தான் இருந்தது. வெளியிடப்பட்டதை முழுக்கப் பார்த்து முடிக்காமல் கோப்பு கேட்கக் கூடாது. ஏழு வாரம் மிச்சமாகியிருக்கும். கோப்பு கேட்க வேண்டி வந்தாலும் எந்த ஆண்டு, எந்தப் பெயர் என்று குறிப்பாகக் கேட்டிருக்கலாம். இரண்டாவது, அக்காவை முதல் நாளே அழைத்துப் போயிருக்க வேண்டும். வயதானவரை ஏன் அலைக்கழிப்பது என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அந்தப் பக்கம் பெயர்ப் பட்டியல், அவர் கண்ணுக்கு அது அவருடைய சாலை.

மூன்றாவது, நேர்காணல் படிவத்தில் 'ஆண்டு' என்ற கட்டத்துக்குப் பதிலாக 'அப்போது ஊரில் என்ன நடந்தது' என்று போட்டோம். 'முகவரி' என்பதோடு 'எத்தனையாவது கல்' என்பதும் சேர்ந்தது. மைல்கற்கள் சாலையிலிருந்து போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பழையவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அரசிதழ்ப் பட்டியலில் உள்ள இந்தியச் சங்கங்களின் பெயர்களையெல்லாம் எடுத்து, தமிழ்ப் பெயரோடு இணைத்து ஓர் அட்டவணை போடலாம் என்று அக்காவின் மருமகள் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கிலப் பெயருக்கு எது தமிழ்ப் பெயர் என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ஊகித்துப் போட்டால் நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆள் கிடைத்த பெயருக்கு மட்டும் எழுதுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். அதில் இதுவரை ஒரு வரிதான் இருக்கிறது.

கண்காட்சி நாள்

பொங்கல் வாரத்தில் திறப்பு. அக்கா பேரப்பிள்ளைகளோடு வந்தார். 'கணக்காய்வாளர்' என்ற சொல்லைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். தலைவர் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"கணக்குப் பாத்தாரா..." என்றார். "அதான் வீட்டுல சில்லறைய மூணு வாட்டி எண்ணுவாரு. எங்கம்மா திட்டிக்கிட்டே இருக்கும்."